சின்ன மாப்பிள்ளையின் மொட்டை டயர்

எங்கள் மாமனாருக்கு மகன் இல்லை. இரண்டு மகள்கள், ஆகவே இரண்டு மருமகன்கள். நான் பெரிய மாப்பிள்ளை. என் மனைவியின் தங்கையைக் கட்டிய என் சகலை, சின்ன மாப்பிள்ளை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்து வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. மாமனார் 'சின்ன மாப்ளே' என்று கூப்பிடும்போது குரல் கொஞ்சம் குழையும். என்னைக் கூப்பிடும்போது கரண்டு கணக்கெடுக்க வந்தவருக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற மரியாதை இருக்கும். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் என் குறை.

எனக்கு நாமக்கல்லில் டயர் பட்டறை. லாரிக்காரர்கள் தேய்ந்த டயர்களைக் கொண்டுவந்து போடுவார்கள். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, மேலே புதிதாகப் பட்டன் ஒட்டி, சூட்டில் வேகவைத்துத் திருப்பிக் கொடுப்போம். பட்டன் என்றால் டயரின் மேலே தெரியும் மேடுபள்ளம். அது தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் எங்கள் தொழிலில் அதற்கு மொட்டை டயர் என்று பெயர். மொட்டை டயரில் வண்டி ஓட்டுகிறவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. என் சட்டையில், படுக்கையில், என் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில்கூட வெந்த ரப்பர் வாசம் இருக்கும். அந்தப் பட்டனில்தான் எங்கள் சோறு.

அப்படிப்பட்டவனின் சகலை, காசு கொடுத்து மொட்டை டயர் வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டார்.

அவர் வேலை பார்த்தது ஒரு கோழித் தீவனக் கம்பெனியில். குடியிருந்தது ராசிபுரத்தில். ஒல்லியான ஆள். அவர் சட்டைகளில் பை இருக்காது. கடையில் வாங்கும் சட்டையில் பை இருந்தால் தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துவிடுவார். ஒரு தடவை காரணம் கேட்டேன்.

"பை இருந்தா அதுல எதையாவது வெக்கலாம்னு தோணுமுங்ணா. அப்பறம் அதைத் தூக்கிட்டுத் திரியோணும்" என்றார்.

அவரிடம் ஒரு வார்த்தை உண்டு. "இது எதுக்குங்ணா?" எதைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்பார். நக்கலாகக் கேட்கமாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, முகத்தைப் பார்த்துக் கேட்பார். பதில் சொல்ல ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். சொல்லச் சொல்ல, அந்தப் பொருள் நமக்கே வேண்டாததாகிவிடும். இந்த வித்தையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அவருடைய கல்யாணத்தில் மாமனார் கோட்டு சூட்டு எடுத்துக் கொடுத்திருந்தார். எனக்கும் என் கல்யாணத்தில் எடுத்துக் கொடுத்தார். வைகாசி வெயிலில், மண்டபத்தில் மின்விசிறி பாதி ஓடாத நிலையில், நான் அந்தக் கோட்டைக் காலையிலிருந்து பந்தி முடியும்வரை கழற்றவில்லை. கழுத்தெல்லாம் வேர்க்குரு. இவர் மேடையில் கொஞ்ச நேரம் போட்டிருந்தார். பிறகு கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். "நொம்பப் புழுங்குதுங்க மாமா." அவ்வளவுதான். அன்று மண்டபம் முழுக்க ஒரே பேச்சு. மாப்பிள்ளை எவ்வளவு எதார்த்தம், மாப்பிள்ளைக்குக் கொஞ்சமும் பந்தா இல்லை. மாமனாரே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெருமையாகச் சொன்னார். எனக்கு அன்று என் கோட்டு ஞாபகம் வந்தது. அதை நான் மரியாதைக்காகப் போட்டிருந்தேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்தது. சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். சேலத்தில் ஒரு பெரிய கடைக்குப் போய் மலைச் சைக்கிள் ஒன்று எடுத்தேன். முன்பக்கம் ஸ்பிரிங், கியர், எல்லாம் உண்டு. இருப்பதிலேயே தடியான டயர் எது என்று கேட்டு அதைத்தான் எடுத்தேன். ஒவ்வொரு பட்டனும் கட்டை விரல் நகம் அளவுக்கு இருக்கும். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் தொட்டுப் பார்த்து, "டிராக்டர் மாதிரி இருக்குதுங்க" என்றார்கள். எனக்குச் சந்தோஷம்.

அடுத்த மாதமே அவரும் ஒன்று வாங்கினார். யாரோ ஓட்டாமல் போட்டு வைத்திருந்தது. அதிலும் என்னுடையது போலவே பட்டன் டயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நாமக்கல்லிலிருந்து கிளம்புவேன். அவர் ராசிபுரத்திலிருந்து வருவார். பாதி வழியில் ஒரு டீக்கடையில் சந்தித்து, சேர்ந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்புவோம். அந்த நாட்களில் நான்தான் முன்னால் போவேன். எனக்குத் தொடை பலம் உண்டு. அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். என் வாழ்க்கையில் அவரோடு நான் சந்தோஷமாக இருந்த காலம் என்றால் அந்தக் கொஞ்ச நாட்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது அவர் கேட்டார்.

"அண்ணா, ஓட்டறப்ப 'ங்ங்ங்'னு ஒரு சத்தம் வருதில்லீங்ளா? அது எதுக்குங்ணா?"

"பட்டன் தம்பி. ஒவ்வொரு பட்டனும் தார்ல அடிக்குதில்ல, அந்தச் சத்தம்."

"அப்ப நாம மிதிக்கற மிதில பாதி அந்தச் சத்தத்துக்குப் போயிருதுங்ளா?"

"பாதியெல்லாம் இல்ல. கொஞ்சம் போவும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். புதிதாகப் போட்ட தார்ச்சாலை. "நாம என்னைக்குங்ணா மண்ணுல போனோம்?" என்றார். எங்கள் சைக்கிள்கள் மலைக்குச் செய்தவை. நாங்கள் போனதெல்லாம் தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் என் பட்டறைக்கு வந்தார். தோளில் மாலை மாதிரி மூன்று சைக்கிள் டயர்கள். சேலம் கடையில் பேசி எடுத்து வந்திருக்கிறார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் ஜோடி வாங்கிக்கொண்டு, மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். என் மேசைமேல் மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"நீங்க டயர்க்காரரு. எதை எடுக்கறதுன்னு சொல்லுங்ணா."

அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. நான் வேலைகளை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். முதல் டயர் என்னுடையதை விடச் சன்னம், மேலே சிறிய சிறிய பட்டன். இரண்டாவது நடுவில் வழவழப்பு, இரண்டு ஓரங்களிலும் பட்டன். மூன்றாவது முழு மொட்டை. தலை மழித்த பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. கடைக்காரர்கள் அதை ஸ்லிக் என்பார்கள். நான் அதை மேசையிலிருந்து எடுத்துக் கீழே போட்டேன்.

பிறகு வெகுநேரம் பேசினேன். மழையில் மொட்டை டயர் லாரி எப்படித் தண்ணீர்மேல் மிதந்து போகும், டிரைவர் பிரேக்கை மிதித்தும் எப்படி நிற்காது, வளைவில் எப்படிக் கவிழும் என்று நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக் கேட்டார். என் மனைவி அடிக்கடி சொல்வாள், "அவரு ஆளப் பாத்துப் பேசறாரு, நீங்க செவுத்தப் பாத்துப் பேசறீங்க" என்று. அன்று நானும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். கடைசியில் இரண்டாவது டயரை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"இதை எடுங்க தம்பி. நேராப் போறப்ப நடு வழவழப்புல உருளும். சத்தம் இருக்காது. சாய்ஞ்சா ஓரப் பட்டன் புடிச்சுக்கும்."

அவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் ஓரப் பட்டனை அழுத்தினார். அது மடங்கியது. மறுபடி அழுத்தினார்.

"சாயறப்பத்தானுங்ணா நமக்குப் பிடிமானம் எச்சா வேணும்? அப்பப் பாத்து இது மடங்குதே?"

"ரப்பர்னா மடங்கத்தான் செய்யும்."

அவர் குனிந்து கீழே கிடந்த மொட்டை டயரை எடுத்தார். மேசையின் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினார். ரப்பர் முழுசும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. "இது பூராவும் தரையில படியுதுங்ணா. லாரி டயரு அகலம், தண்ணி அதுக்கடியில மாட்டிக்கும். சைக்கிள் டயரு இத்தனூண்டு. தண்ணியத் தள்ளிட்டுப் போயிருமில்லீங்ளா?"

"இந்த ஊர்ல முள்ளு கெடக்குது. குழி கெடக்குது."

"அதுக்குத்தானுங்ணா நொம்பச் சன்னமா எடுக்கல. உள்ள முள்ளுக்குத் தடுப்பு வெச்ச டயருங் இது. டியூபும் சின்னதா மாத்தி, காத்து நல்லா ஏத்திக்கறேன்."

எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பின் என்னிடம் எதற்குக் கேட்டார்? இன்றும் எனக்குத் தெரியாது. மரியாதைக்காக என்றால் அது எனக்கு வேண்டாம். உண்மையிலேயே கேட்க வந்து, கேட்டபின் நான் சொன்னது சரியில்லை என்று பட்டிருந்தால் அது இன்னும் மோசம்.

"நீங்க சொன்னதெல்லாம் செரிதானுங்ணா, லாரிக்கு" என்று சொல்லி மொட்டை டயரைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பட்டறையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் முன்னால் போகவில்லை. என் தொடை பலம் அதேதான். ஆனால் அவர் மிதிப்பதை நிறுத்திய பிறகும் அந்தச் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். சத்தம் கிடையாது. பக்கத்தில் வருகிறார் என்பதே தெரியாது, திடீரென்று தோளுக்கு அருகில் "போலாமுங்ளாண்ணா?" என்று குரல் கேட்கும், பிறகு முதுகு தெரியும், பிறகு முதுகும் தெரியாது. எனக்கு என் டயரின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். டீக்கடையில் அவர் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். என் டீ ஆறியிருக்கும்.

மல்லசமுத்திரத்துக்கு அவர் சைக்கிளிலேயே வர ஆரம்பித்தார். ஸ்டாண்டையும் மட்கார்டையும் கழற்றிவிட்டதால் வண்டியைத் தென்னை மரத்தில்தான் சாய்த்து வைப்பார். மாமனார் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து வந்து அந்த டயரைத் தடவிப் பார்த்தார். "கன்னுக்குட்டி மூக்காட்ட இருக்குதுங்க மாப்ளே" என்றார். அவருடைய டிராக்டர் டயர்களுக்கு வருஷா வருஷம் பட்டன் ஒட்டிக் கொடுப்பவன் நான். ஒரு நாளும் அவர் அவற்றைத் தடவிப் பார்த்ததில்லை.

ஒரு தடவை சகலை உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலையில் ஒரு சுற்று போய் வந்தேன். சொல்வதற்கு ஒன்றுமில்லை. முதுகில் சுமந்து வந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது மாதிரி இருந்தது. திரும்பி வந்து அதே மரத்தில் அதே மாதிரி சாய்த்து வைத்தேன். நானும் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் வேலை. ஆனால் பட்டன் ஒட்டிப் பிழைக்கிறவன் மொட்டை டயரில் போனால் நாமக்கல்லில் என்ன பேசுவார்கள்? அதைவிட, அவர் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லமாட்டார். அதை நினைத்தால்தான் ஆத்திரம் வரும். ஆகவே நான் மழைக்காகக் காத்திருந்தேன்.

இந்தச் சைக்கிள் ஒன்றுக்காக மட்டும் இவ்வளவு எரிச்சல் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் தோட்டத்துத் தடத்தின்மேல் வழக்கு இருந்தது. வண்டி போகிற பாதை யாருக்குச் சொந்தம் என்று வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தேன். சகலைக்கும் அவர் பங்காளிக்கும் அதே மாதிரி வரப்புத் தகராறு வந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்தார். "நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பங்காளி ஆடிப்போய், அடுத்த பொங்கலுக்கு ஒரு மூட்டை நிலக்கடலையோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் பெரியப்பா மகன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் எச்சில் துப்புகிறார்.

சகலை வீட்டில் கல்யாணத்துக்கு வந்த சோபா இருந்தது. ஒரு நாள் பார்த்தால் இல்லை. கூடம் மைதானம் மாதிரி இருந்தது, அவர்கள் மகள் அதில் உருண்டுகொண்டிருந்தாள். அன்று வீடு திரும்பியதும் என் மனைவி எங்கள் ஷோகேஸ் முன்னால் நின்று, "ஏனுங்க, இதை எடுத்துட்டா நம்ம ஊடுங்கூட வெளிச்சமா இருக்குமில்லீங்ளா?" என்றாள். அந்த ஷோகேஸில் இருந்த ஒவ்வொரு பொம்மையும் நான் வாங்கி வந்தது. நான் டிவியைப் போட்டேன்.

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு குடும்பமும் ஏற்காடு போவதாக ஏற்பாடு. நாங்கள் இருவரும் ராசிபுரத்திலிருந்து மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் சைக்கிளில் போவது, பெண்களும் பிள்ளைகளும் மாமனாரும் பின்னால் காரில் வருவது, அங்கே தெரிந்தவர் கடையில் சைக்கிளை விட்டுவிட்டு எல்லோரும் காரில் மேலே ஏறுவது. விடிந்து கிளம்பும்போது வானம் மூட்டமாக இருந்தது. சேலம் நெருங்கும்போது பிடித்துக்கொண்டது.

"ஒதுங்கீரலாமுங்ளாண்ணா?" என்றார்.

"மழைக்கென்ன, போலாம் தம்பி" என்றேன்.

அவர் முன்னால் போனார். பின்சக்கரம் வாரி இறைத்த தண்ணீர் அவர் முதுகில் கோடாக ஏறியது. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அந்த மொட்டைச் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும், இதோ இப்போது வழுக்கும் என்று பார்த்தேன். பெரிய அடி படவேண்டும் என்று நினைக்கவில்லை. முழங்கை சிராய்த்தால் போதும். எழுந்து உட்கார்ந்து, "நீங்க அன்னைக்கே சொன்னீங்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் இடதுபக்கம் ஒரு வளைவு. அவர் சாய்ந்தார். அந்தச் சக்கரம் தாரில் ஒட்டியது போலச் சுற்றிக்கொண்டு போனது. நானும் அதே வேகத்தில் சாய்ந்தேன். எனக்கு அடியில் ஓரத்துப் பட்டன்கள் மடங்கி நழுவுவது தெரிந்தது. அடுத்து நான் பார்த்தது, கன்னத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடும் தார்.

அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அசையாதீங்ணா. எங்க வலிக்குதுங்? தோளா?" தோளும் கழுத்தும் சேருமிடத்தில் எலும்பு உடைந்திருந்தது. அவர் சட்டையைக் கழற்றி என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். மழையில் வெற்று உடம்போடு என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சைக்கிளின் சக்கரம் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் வந்து நின்றது. மாமனார் குடையை விரிக்காமலே இறங்கி வந்தார். "என்னாச்சுங்க மாப்ளே? எப்படி உழுந்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் சகலை பதில் சொல்லிவிட்டார்.

"நாயிங்க மாமா. சட்டுனு குறுக்க பூந்துருச்சு. அண்ணன் ஒடிச்சுத் திருப்புனதுனால நாயி பொழைச்சுது."

அந்தச் சாலையில் நாய் இல்லை. மழையில் ஒரு காக்கைகூட இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவர் முகமாகவே இல்லை. என் மனைவி அழுதுகொண்டே நாயைத் திட்டினாள். மாமனார் என் தலையைத் துவட்டி, "வாயில்லாச் சீவன். உட்டுட்டுப் போகவும் முடியாது பாருங்க" என்றார். அவர் என்னை மெச்சிப் பேசியது அப்போதுதான்.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்த நாட்களில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் என் மனைவி நாய்க் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நாய் வளர்ந்தது. கறுப்பு நிறம் வந்தது. மாமனார் சொல்லும்போது அது குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாயாக இருந்தது. சகலை அந்தக் கதையைத் திரும்பச் சொல்லவே இல்லை. நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது ஒரு தடவை ஆரம்பித்தேன்.

"தம்பி, அன்னைக்கு ரோட்டுல..."

"கை மேல தூக்க முடியுதுங்ளாண்ணா? எங்க, தூக்குங்க பாக்கலாம்" என்றார்.

தூக்கிக் காட்டினேன். "நல்லா வந்துருச்சுங்" என்று சொல்லி என் மகனோடு விளையாடப் போய்விட்டார்.

அவர் இடத்தில் நானாக இருந்தால் அந்த வளைவிலேயே டயரைக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பேன். வருகிற போகிற காரையெல்லாம் நிறுத்திப் பட்டனைப் பற்றிப் பாடம் நடத்தியிருப்பேன். அவருக்கு ஜெயித்த சுமையும் வேண்டாம். அதையும் சட்டைப் பை மாதிரி பிரித்துப் போட்டுவிட்டார். ஒரு மனிதனுக்கு எப்படி இது கைகூடுகிறது என்று அந்தப் படுக்கையில் யோசித்து யோசித்து எனக்கு எலும்பு வலியைவிட அந்த வலிதான் பெரிதாக இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம், மல்லசமுத்திரத்தில் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தோம். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"ஆப்பிரிக்காவுல ஒரு முட்டைப் பண்ணை புதுசா ஆரம்பிக்கறாங்க மாமா. கூப்புட்டாங்க. மூணு பேரும் போலாம்னு இருக்கறோமுங்."

மாமனாரின் கை இலையில் நின்றது. "எத்தன நாளைக்குங்க மாப்ளே?"

"தெரியிலீங்க மாமா."

கடைசிக் காலத்தில் சின்ன மாப்பிள்ளை இந்தத் தோட்டத்துக்கு வந்துவிடுவார் என்று மாமனார் எண்ணி வைத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக மேற்குப் பக்கம் ஒரு அறைகூடக் கட்டியிருந்தார். சின்ன மாப்பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அவர் ரசம் ஊற்றிக்கொண்டார். என் கொழுந்தியாள் குனிந்த தலை நிமிரவில்லை. இத்தனை வருஷம் பொருள்களைக் கழற்றுவதைத்தான் பார்த்திருந்தேன். மனிதர்களும் அவ்வளவு சுலபமாகக் கழன்றுவிடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அதோடு, கிளம்பிப் போக முடிகிற மனிதன்மேல் புதிதாக ஒரு பொறாமையும் வந்து சேர்ந்தது. என் பட்டறையை, என் வழக்கை, என் ஷோகேஸை விட்டு நான் எங்கே போவேன்?

சைக்கிளை எனக்குத் தருவார் என்று எதிர்பார்த்தேன். தந்தால் என்ன சொல்லி மறுப்பது என்று இரண்டு மூன்று விதமாக யோசித்தும் வைத்திருந்தேன். அவர் அதைப் பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அது மனைவி மூலமாகத்தான் தெரிந்தது. "உங்ககிட்டத்தான் ஒண்ணு இருக்குதுன்னு நெனச்சிருப்பாரு" என்றாள். நான் மறுக்க வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வேன் பிடித்து எல்லோரும் போனோம். நல்ல வெயில். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டே பெட்டி. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாமனார் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை. சகலை பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"வாரேனுங்ணா. மாமாவப் பாத்துக்குங்க."

இனி எப்போது பார்ப்போமோ என்று ஒரு பதற்றம் வந்துவிட்டது. இத்தனை காலம் மனதில் வைத்திருந்ததை அங்கே, அத்தனை பேர் நடுவில், கேட்டுவிட்டேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். எங்கிட்ட இருக்கறதுல எதையாவது பாத்து, இது நமக்கில்லாமப் போச்சேன்னு உங்களுக்கு என்னைக்காவது தோணியிருக்குதா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை. எப்போதும் போல என் முகத்தைப் பார்த்தார். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். என் பட்டறை, என் வீடு, கார், பிள்ளைகள், என் தொடை பலம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைக்கிறார் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. எனக்கு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

"இல்லீங்ணா" என்றார், மிகவும் மெதுவாக.

பிறகு என் தோளை, அந்த உடைந்து சேர்ந்த இடத்தை, ஒரு தடவை தொட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்துக் கையாட்டியது எல்லோருக்குமாக.

வேனில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன். மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவினாசி தாண்டும்போது என்னால் முடியவில்லை. அழுகை பீறிக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, வாயைத் துண்டால் பொத்தியும், தோள் குலுங்கியது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிக்கொண்டார்கள். பிரிவுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். நான் அழுதது அந்த ஒரு வார்த்தைக்காக.

மாமனார் காப்புக் காய்த்த தன் கையால் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க சாமி" என்றார். "கூடப் பொறந்தவனாட்ட வெச்சுப் பழகிட்டீங்க. உங்க மனசு எனக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சு."

பெருந்துறை போயிற்று, பவானி போயிற்று, சங்ககிரி மலை தெரிய ஆரம்பித்தது. அவர் அந்தக் கையை விடவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.